‘டா வின்சி கோட்’: வாசகர்களை இரண்டாகப் பிரித்த ஒற்றைப் பக்கம்

டான் பிரவுனின் ‘டா வின்சி கோட்’ 2003 மார்ச்சில் வெளிவந்தது. உலகெங்கும் 8 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற அந்த நாவலைப் பற்றி வாசகர்கள் இன்றுவரை ஒரு முடிவுக்கு வரவில்லை. கையில் எடுத்தால் கீழே வைக்க முடியாத புத்தகம் என்று ஒரு சாராரும், வரலாற்றின் பெயரால் நடந்த மோசடி என்று இன்னொரு சாராரும், இரண்டுமே உண்மைதான் என்று தயக்கத்தோடு சொல்லும் மூன்றாவது சாராரும் உண்டு. மத நம்பிக்கை உள்ளவர்கள் வெறுக்கிறார்கள், இல்லாதவர்கள் ரசிக்கிறார்கள் என்று இந்தப் பிளவுக்குக் காரணம் சொல்வது வழக்கம். அது சரியல்ல. ஆழ்ந்த பக்தியுள்ளவர்கள் பலர் இதைக் கதையாகப் படித்து மகிழ்ந்திருக்கிறார்கள். எந்த மதத்தின் மீதும் பற்றில்லாத வரலாற்று மாணவர்கள் பலர் எரிச்சலோடு மூடி வைத்திருக்கிறார்கள். என் கணிப்பில், கதை தொடங்குவதற்கு முன்பே அச்சிடப்பட்டுள்ள ஒரு பக்கத்தை யார் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கதை எளிமையானது. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் அதன் காப்பாளர் ழாக் சோனியேர் ஓர் இரவில் கொல்லப்படுகிறார். சாவதற்கு முன் அவர் விட்டுச்சென்ற குறிகளைப் படிக்க ஹார்வர்டு பேராசிரியர் ராபர்ட் லாங்டன் அழைக்கப்படுகிறார். சிறிது நேரத்தில் அவரே சந்தேகத்துக்கு உள்ளாகிறார். சோனியேரின் பேத்தியும் காவல்துறையின் மறைகுறி நிபுணருமான சோஃபி அவரோடு சேர்ந்துகொள்ள, பாரிஸிலிருந்து லண்டனுக்கும் அங்கிருந்து ஸ்காட்லாந்தின் ராஸ்லின் சிற்றாலயத்துக்கும் தேடல் நீள்கிறது. தேடப்படும் பொருள், இயேசு தன் இறுதி உணவில் பயன்படுத்தியதாக நம்பப்படும் புனிதக் கிண்ணம். ஆனால் அது கிண்ணமே அல்ல, இயேசுவை மணந்து அவர் வாரிசைச் சுமந்த, அவருடைய சீடரான மகதலேனா மரியாளே என்பது நாவலின் மையக் கருத்து. முடிவை அறிய விரும்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பின்னால் வில்லன் யார் என்பதைச் சொல்லாமல் இந்த நூலை மதிப்பிட இயலாது.

த்ரில்லர் என்ற அளவில் இதன் கட்டுமானத்தைக் குறைசொல்வது கடினம். 105 அத்தியாயங்களில் பல இரண்டு மூன்று பக்கங்களுக்குள் முடிந்துவிடுகின்றன; கிட்டத்தட்ட ஒவ்வொன்றும் ஒரு கதவு திறக்கும் தறுவாயிலோ ஒரு பெயர் உச்சரிக்கப்படும் தறுவாயிலோ அறுபட்டு வேறொரு பாத்திரத்திடம் தாவுகிறது. மலிவான உத்தி என்று சிலர் சொல்வார்கள். மலிவானதுதான், ஆனால் வேலை செய்கிறது. புதிர்களில் வாசகனுக்கும் பங்கு கொடுத்திருப்பது அதைவிடப் பெரிய பலம். பிணத்தின் அருகே 13-3-2-21-1-1-8-5 என்று எழுதப்பட்டிருக்கும் எண்களைப் பார்த்ததும், பள்ளியில் ஃபிபோனாச்சி வரிசையை (முந்தைய இரண்டு எண்களின் கூட்டுத்தொகையே அடுத்த எண்) படித்த எவரும் அவற்றைச் சரியாக அடுக்கிப் பார்த்துவிட முடியும். கிரிப்டெக்ஸ் என்ற உருளைப் பூட்டை வலுக்கட்டாயமாக உடைத்தால் உள்ளே இருக்கும் கண்ணாடிக் குப்பி நொறுங்கி, அதிலுள்ள வினிகர், செய்தி எழுதிய பாப்பிரஸ் தாளைக் கரைத்துவிடும் என்ற ஏற்பாடு, சரியான சொல்லைக் கண்டுபிடித்தே ஆகவேண்டிய நெருக்கடியை உண்டாக்குகிறது.

அதே புதிர்கள்தான் சில இடங்களில் நாவலைக் காட்டிக்கொடுக்கவும் செய்கின்றன. விமானத்தில் பறக்கும்போது ஒரு பெட்டிக்குள்ளிருந்து புரியாத கையெழுத்து ஒன்று கிடைக்கிறது; அதைப் புத்தகத்திலேயே படமாகவும் அச்சிட்டிருக்கிறார்கள். ஹார்வர்டின் குறியீட்டியல் பேராசிரியரும், அரச மரியாதை பெற்ற வரலாற்றறிஞரும் அது ஏதோ செமிட்டிய மொழியாக இருக்குமோ என்று தலையைச் சொறிந்துகொண்டிருக்கிறார்கள். அது கண்ணாடியில் பிரதிபலித்ததுபோல் திருப்பி எழுதப்பட்ட ஆங்கிலம். கூர்ந்து பார்க்கும் வாசகன் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுகிறான். லியோனார்தோ தன் குறிப்பேடுகளை அப்படித்தான் எழுதினார் என்பது உலகறிந்த செய்தி, அதுவும் அவர் பெயரையே தலைப்பில் தாங்கிய நாவலில்! எதிர்மறை விமர்சனங்களில் இந்தக் காட்சி மீண்டும் மீண்டும் சுட்டப்படுவதில் வியப்பில்லை. உரையாடல்களைப் பற்றிய புகாரும் நியாயமானது. துரத்தல்களுக்கு நடுவே லாங்டன் வகுப்பெடுக்கிறார். மறைகுறி நிபுணரான சோஃபி பல அத்தியாயங்களுக்கு வியந்து கேள்வி கேட்கும் மாணவியாகச் சுருங்கிப்போகிறார்.

இவையெல்லாம் எந்த விறுவிறுப்பு நாவலுக்கும் பொருந்தும் குறைகள். இவற்றுக்காக யாரும் இருபது ஆண்டுகள் சண்டை போட மாட்டார்கள். சண்டைக்குக் காரணம் ‘உண்மை’ என்று தலைப்பிட்ட அந்த முன்பக்கம்தான். ப்ரயரி ஆஃப் சியோன் என்பது 1099இல் தோன்றிய, உண்மையாகவே இருக்கும் இரகசிய அமைப்பு என்றும், நாவலில் வரும் கலைப்படைப்புகள், கட்டடங்கள், ஆவணங்கள், இரகசியச் சடங்குகள் பற்றிய வருணனைகள் அனைத்தும் துல்லியமானவை என்றும் அது அறிவிக்கிறது. இடையே ஓபஸ் டேய் என்ற கத்தோலிக்க அமைப்பையும் அது நியூயார்க்கில் கட்டிய தலைமையகத்தையும் குறிப்பிடுகிறது. அமைப்பும் கட்டடமும் உண்மை. சரிபார்க்கக்கூடிய மெய்யையும் சரிபார்க்கச் சிரமமான பொய்யையும் ஒரே தட்டில் வைத்துப் பரிமாறுவதுதான் அந்தப் பக்கத்தின் சாமர்த்தியம்.

ப்ரயரி ஆஃப் சியோனின் உண்மைக் கதை நாவலைவிட வேடிக்கையானது. 1956இல் பியர் பிளாந்தார் என்ற பிரெஞ்சுக்காரர் தன் நண்பர்களோடு சேர்ந்து, அன்னமாஸ் என்ற ஊரில் இந்தப் பெயரில் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். பின்னர் தனக்குப் பழைய மெரோவிஞ்சிய அரச வம்சத்தோடு தொடர்பு இருப்பதாகக் காட்டிக்கொள்ள, ஃபிலிப் த ஷெரிசே என்பவரின் உதவியோடு போலி ஆவணங்கள் தயாராகி, 1960களில் பாரிஸ் தேசிய நூலகத்தில் சேர்க்கப்பட்டன. ஐசக் நியூட்டன், லியோனார்தோ ஆகியோரின் பெயர்கள் அமைப்பின் தலைவர்கள் வரிசையில் இடம்பெற்றது அந்த ஆவணங்களில்தான். நூலகத்தில் அவை கண்டெடுக்கப்பட்டதாக நாவலின் முன்பக்கம் சொல்கிறது. வைத்தவர்கள் யார் என்பதைச் சொல்லவில்லை. பழைய ஓலைகள் என்று காட்டப்பட்டவற்றைத் தானே புனைந்ததாக ஷெரிசே ஒப்புக்கொண்டிருந்தார். நாவல் வெளிவந்தபோது இது எதுவும் இரகசியமாக இருக்கவில்லை.

மத வரலாற்றுக்கு வந்தால் நிலைமை இன்னும் சிக்கலாகிறது. இயேசு கடவுளின் மகன் என்பதே கி.பி. 325இல் நிசேயா திருச்சங்கத்தில் நெருக்கமான வாக்கெடுப்பில் முடிவானதாக, மேலே விமானக் காட்சியில் வந்த வரலாற்றறிஞரான லீ டீபிங் என்ற பாத்திரம் சொல்கிறது. ஏறத்தாழ 300 ஆயர்கள் கூடிய அந்தச் சங்கத்தில் விவாதம், மகன் தந்தைக்கு எந்த வகையில் சமமானவர் என்று ஆரியஸ் என்ற குரு எழுப்பிய கேள்வியைச் சுற்றியே நடந்தது. இறுதி அறிக்கையில் கையெழுத்திட மறுத்தவர்களில் கடைசிவரை நின்ற ஆயர்கள் இருவர். புதிய ஏற்பாட்டில் எந்த நூல்கள் இடம்பெற வேண்டும் என்பதும் அங்கே முடிவாகவில்லை. இன்றுள்ள 27 நூல்களின் பட்டியல் 367இல் ஆயர் அத்தனாசியுஸ் எழுதிய மடலில்தான் முழுமையாகக் காணப்படுகிறது. சாக்கடல் அருகே குகைகளில் கிடைத்த பழஞ்சுவடிகளான சாக்கடல் சுருள்களைக் கிறிஸ்தவ ஆவணங்கள் என்று டீபிங் சொல்வதும் தவறு. அவை யூதர்களின் நூல்கள், இயேசுவைப் பற்றி அவற்றில் ஒரு வரியும் இல்லை.

டீபிங்கின் முக்கியச் சான்று, 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் கிடைத்த ‘பிலிப்பு நற்செய்தி’. இயேசு மகதலேனாவின் இதழ்களில் அடிக்கடி முத்தமிட்டார் என்ற வரியை டீபிங் முழுதாக வாசித்துக் காட்டுகிறார். மூலச்சுவடியைப் பார்த்தால், முத்தம் எங்கே என்று சொல்லும் இடத்தில் ஏடு அரித்து ஓட்டையாகியிருக்கிறது. இதழ் என்பது ஆய்வாளர்களில் சிலர் ஊகித்து நிரப்பியது. நெற்றி என்றும் கன்னம் என்றும் நிரப்பலாம். ஓர் ஓட்டையின் மேல் இவ்வளவு பெரிய மாளிகையை எழுப்பியிருப்பதை அறிந்த வாசகர், அதன் பிறகு எந்தப் பக்கத்தையும் நிம்மதியாகப் படிக்க முடியாது. அதோடு, இரகசிய ஞானத்தால் மீட்பு கிடைக்கும் என்று நம்பிய பழைய பிரிவினரின் இந்த ஞானவாத நூல்களில் வரும் இயேசு, நாவல் காட்ட விரும்புவதுபோல் மனிதத்தன்மை மிக்கவர் அல்லர். நான்கு நற்செய்திகளில் பசித்து, களைத்து, அழும் இயேசுவைவிட இவற்றில் வருபவர் பெரும்பாலும் தொலைவில் நின்று மறைபொருள் பேசும் ஆவிவடிவமாகவே தெரிகிறார்.

சிறிய பிழைகள் பல. லூவர் கண்ணாடிப் பிரமிடில் 666 பலகைகள் உண்டு என்று நாவல் சொல்கிறது. அருங்காட்சியகத்தின் கணக்குப்படி 673. சூனியக்காரிகள் என்ற பெயரில் 50 இலட்சம் பெண்கள் எரிக்கப்பட்டதாக ஒரு வரி வருகிறது. இன்றைய வரலாற்றாய்வாளர்களின் மதிப்பீடு 40,000 முதல் 60,000 வரை, அவர்களில் ஆண்களும் உண்டு. உண்மை எண்ணே போதுமான அளவு கொடூரமானது. அதை ஊதிப் பெருக்க வேண்டிய தேவை என்ன என்று தெரியவில்லை. ‘இறுதி இராவுணவு’ ஓவியத்தில் இயேசுவுக்கு அருகே இருப்பவர் மகதலேனா என்ற வாதமும் அப்படியே. மேசையில் இருப்பவர்கள் பதின்மூன்று பேர். அவர் மரியாள் என்றால் யோவான் எங்கே? மீசை அரும்பாத, மென்மையான முகமுடைய இளைஞனாக யோவானை வரைவது அக்கால ஃபுளோரன்ஸ் ஓவியர்களின் வழக்கம்.

கதைதானே, கதையில் தர்க்கம் எதற்கு என்று ரசிகர்கள் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு நாவலுக்குள்ளேயே ஒரு வசதியான பதில் ஒளிந்திருக்கிறது: மேற்சொன்ன வரலாற்றுக் கூற்றுகளில் பெரும்பாலானவற்றைச் சொல்லும் டீபிங்தான் இறுதியில் வில்லனாக வெளிப்படுகிறார். வில்லன் சொன்னதை ஆசிரியர் தலையில் கட்டலாமா என்று வாதாட வழியிருக்கிறது. ஆனால் டீபிங் பேசும்போதெல்லாம் கதாநாயகன் லாங்டன் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆமோதிக்கிறார். ஆவணங்கள் துல்லியமானவை என்று கையொப்பமிடும் முன்பக்கம் டீபிங் எழுதியதும் அல்ல. அந்தப் பக்கம் மட்டும் இல்லாதிருந்தால் நானும் ரசிகர்கள் பக்கம்தான் நின்றிருப்பேன்.

1982இல் இதே கருத்தை வரலாறு என்ற பெயரில் முன்வைத்த நூலின் ஆசிரியர்களில் இருவர், தங்கள் கருத்து திருடப்பட்டதாகச் சொல்லி, நாவலின் பதிப்பகம்மீது லண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, 2006இல் தோற்றார்கள். நடந்த வரலாறு என்று தாங்களே சொன்ன ஒன்றுக்கு உரிமை கோர வேண்டிய இக்கட்டு அவர்களுக்கு. டீபிங் என்ற பெயர் அவர்களில் ஒருவரான பேஜென்ட்டின் எழுத்துகளைக் கலைத்து அடுக்கியது. நீதிபதி பீட்டர் ஸ்மித்தும் தன் தீர்ப்பில் எழுத்துகளைச் சாய்த்து அச்சிட்டு ஒரு மறைகுறியைப் பொதித்து வைத்தார். இந்த நூல் தொட்டவர்களை எல்லாம் விளையாட வைத்திருக்கிறது.

திருச்சபைத் தரப்பின் எதிர்வினை எல்லா இடத்திலும் ஒரே தரத்தில் இல்லை. 2005இல் கர்தினால் தர்ச்சீசியோ பெர்த்தோனே இதை வாங்கவும் வேண்டாம், படிக்கவும் வேண்டாம் என்றார். அத்தகைய அறிவுரை விற்பனைக்கு உதவுமே தவிர வாசகருக்கு உதவாது. நாவலில் வரும், பாரிஸின் சான் சுல்பிஸ் தேவாலயம் செய்ததே நேர்த்தியான பதில். தரையில் ஓடும் பித்தளைக் கோடு சூரியன் நகர்வைக் கணிக்க 18ஆம் நூற்றாண்டில் பதித்த வானியல் கருவியின் பகுதி என்றும், சன்னல்களில் உள்ள P, S என்ற இரண்டு எழுத்துகள் தேவாலயத்தின் புனிதர்களான பேதுரு, சுல்பிஸ் ஆகியோரைக் குறிப்பவை என்றும் வருகையாளர்களுக்கு ஓர் அறிவிப்பை எழுதி வைத்தார்கள். ஓபஸ் டேயில் துறவிகளே இல்லை என்று அந்த அமைப்பு சொன்னது சைலஸ் என்ற கொலைகாரத் துறவிப் பாத்திரத்துக்குச் சரியான மறுப்பு. அதே சமயம், அதன் உறுப்பினர்களில் சிலர் முள்பட்டை அணியும் தவத்தைக் கடைப்பிடிப்பது, நாவல் மிகைப்படுத்தினாலும், கற்பனை அல்ல.

இந்த நூலைப் போற்றுபவர்களில் நான் மதிக்கும் ஒரு பிரிவு உண்டு: மகதலேனாவின் பெயரை மீட்டுத் தந்த புத்தகம் என்று சொல்லும் வாசகர்கள், குறிப்பாகப் பெண்கள். இந்த இடத்தில் நாவலின் கோபம் நியாயமானது. 591இல் திருத்தந்தை முதலாம் கிரகோரி ஆற்றிய மறையுரை, நற்செய்தியில் பெயர் சொல்லப்படாத பாவியான பெண்ணையும் மகதலேனாவையும் ஒருவராக்கிவிட்டது. மேலைத் திருச்சபையில் அந்தக் களங்கம் பல நூற்றாண்டுகள் நீடித்து, 1969இல் வழிபாட்டு நாட்காட்டியைத் திருத்தியபோதுதான் விலகியது. 2016இல் அவருடைய நினைவுநாள் திருத்தூதர்களுக்கு இணையான விழாவாக உயர்த்தப்பட்டது. ஆனால் நாவல் அவரை மீட்கும் விதம்தான் எனக்கு உடன்பாடில்லை. உயிர்த்த இயேசுவை முதலில் கண்டு, சீடர்களுக்கே செய்தி கொண்டுபோன சாட்சியாக யோவான் நற்செய்தி அவரைக் காட்டுகிறது. நாவலோ அவரை ஒருவரின் மனைவியாக, ஒரு வம்சத்தைச் சுமந்த பாத்திரமாக ஆக்கிய பிறகுதான் பெருமைப்படுத்துகிறது. பெண்மையின் புனிதத்தைப் பற்றி இவ்வளவு பேசும் கதைக்கு இது எப்படி உறுத்தாமல் போனது?

நீண்ட பயணத்துக்கு ஒரு துணை தேடுபவர்களுக்கு இதைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். ஓவியங்களையும் கட்டடங்களையும் படங்களோடு தரும் சிறப்புப் பதிப்பு கிடைத்தால் இன்னும் நல்லது, ஏனெனில் டீபிங் சொல்வதை உங்கள் கண்ணாலேயே சரிபார்க்கலாம். ஆதித் திருச்சபையின் வரலாற்றை அறிய இங்கிருந்து தொடங்க நினைப்பவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். முன்பக்கத்தை ஒட்டிவிட்டுப் படியுங்கள் என்று ஒரு வாசகருக்கு வேடிக்கையாகச் சொன்னேன். அவர் அப்படியே செய்து, இரண்டு நாளில் முடித்து, அடுத்த பாகம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, 2009இல் வந்தது. அதிலும் முதலில் நிற்பது ‘உண்மை’ என்ற அதே பக்கம்தான்.