மீட்டர் எத்தனை தடவை கண்ணடிக்கிறது? ஒரு பி.எல்.டி.சி. ஃபேனின் கதை

இந்த பி.எல்.டி.சி. சீலிங் ஃபேனை, அதாவது கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை மோட்டார் வைத்த ஃபேனை, வாங்கி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கடைக்காரர் பேச்சைக் கேட்டு வாங்கினவள் நான். அவர் சொன்னதில் எது உண்மை, எது வியாபாரப் பேச்சு என்று கண்டுபிடித்தது எங்கள் வீட்டு ஹாலில் படிக்க வரும் பிள்ளைகள். ஆகவே இந்த விமர்சனத்தில் பாதி அவர்களுடையது. பெயர் போடச் சொன்னார்கள், போடவில்லை.

எங்கள் ஊர் கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம். நான் பி.எஸ்.சி. கணக்கு படித்துவிட்டு, கல்யாணம் ஆகி, வீட்டில் இருந்தவள். 2022-இல் அரசின் மாலை வகுப்புத் திட்டமான இல்லம் தேடிக் கல்வி எங்கள் ஊருக்கு வந்தபோது தன்னார்வலராகச் சேர்ந்தேன். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் இருபது பிள்ளைகள், ஒரே ஹால், நடுவில் ஒரே ஒரு சீலிங் ஃபேன். அப்புறம் மையம் நின்றது, பிள்ளைகள் வருவது நிற்கவில்லை. ஃபேனும் நிற்கவில்லை. காலையில் மாமியார் போடுவார், ராத்திரி அவர் அங்கேயே படுப்பதால் விடியும்வரை ஓடும். கோடையில் சராசரியாக ஒரு நாளைக்கு 15 மணி நேரம்.

அந்தப் பழைய ஃபேனில் இரண்டு தொல்லை. ஒன்று, சாயங்காலம் ஆறு மணிக்கு ஊரே லைட் போட்டதும் வோல்டேஜ் இறங்கும், ஃபேன் மாட்டு வண்டிச் சக்கரம் மாதிரி சுற்றும். பிள்ளைகள் நோட்டால் விசிறிக்கொண்டே வாய்ப்பாடு சொல்வார்கள். இன்னொன்று, கரண்ட் பில்.

2023 ஏப்ரலில் கோவில்பட்டிக்குப் போய் ஒரு கடையில் விசாரித்தேன். கடைக்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் நாக்கு நீளம். "பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும்க்கா, இது 28 தான். ஆறே மாசத்துல போட்ட காசு வந்துரும்" என்றார். விலை 2,850 ரூபாய். கம்பெனி பெயரை நான் சொல்லப்போவதில்லை. பெட்டியில் ஐந்து நட்சத்திர ஸ்டிக்கர், 1200 மில்லிமீட்டர் அகலம், ஒரு ரிமோட், இரண்டு வருஷ வாரண்டி.

மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் 150 ரூபாய் வாங்கினார். முதல் வேலையாகச் சுவரில் இருந்த பழைய பெட்டி ரெகுலேட்டரைக் கழற்றி வயரை நேராக இணைத்தார். இந்த வகை ஃபேனுக்கு ரெகுலேட்டர் கூடாது, வேகத்தை அதற்குள்ளேயே இருக்கும் போர்டு பார்த்துக்கொள்ளும் என்றார். காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த பழைய ஃபேனை இறக்கப் போனவர், நடுக்குடத்தைத் தொட்டதும் கையை வெடுக்கென்று எடுத்தார். அவ்வளவு சூடு. கீழே நின்றிருந்த ஏழாம் வகுப்புப் பையன் கேட்டான்: "காத்து தர்ற ஃபேனு ஏன்க்கா சுடுது?"

அந்த வாரத்துப் பாடம் அதுதான் ஆனது. பழைய ஃபேன் மோட்டாரில் சுற்றும் பாகத்துக்குச் சொந்தமாகக் காந்தம் கிடையாது. நடுவில் சுற்றாமல் நிற்கும் சுருளில் ஓடும் மின்சாரம்தான் அந்தப் பாகத்திலும் மின்சாரத்தைத் தூண்டிக் காந்தமாக்க வேண்டும். அதில் ஒரு பங்கு சூடாகவே போய்விடும். புது வகையில் சுற்றும் பாகத்திலேயே நிரந்தரக் காந்தம் பதித்திருக்கிறார்கள். எந்த நேரத்தில் எந்தச் சுருளுக்கு மின்சாரம் போக வேண்டும் என்று ஒரு சின்ன போர்டு மாற்றி மாற்றி அனுப்புகிறது. சூடு குறைவு, அதனால் வாட்டும் குறைவு. பெட்டி ரெகுலேட்டரும் இதே கதைதான்: வேகத்தைக் குறைத்தால் மிச்ச மின்சாரத்தில் ஒரு பகுதியைத் தன் உடம்பில் சூடாக்கித் தீர்க்கும்.

சரி, 28 வாட் என்று பெட்டியில் போட்டால் போதுமா? பழைய ஃபேனை இறக்குவதற்கு முந்தைய நாளே ஒரு சோதனை செய்து வைத்திருந்தோம். எங்கள் வீட்டு மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரியும். பிள்ளைகள் பாஷையில் "மீட்டர் கண்ணடிக்குது". மீட்டர் முகத்தில் 3200 இம்ப்/கே.டபிள்யூ.எச். என்று அச்சிட்டிருக்கிறது. அதாவது 3,200 தடவை கண்ணடித்தால் ஒரு யூனிட். (உங்கள் மீட்டரில் வேறு எண் இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.) வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒரே ஒரு பொருளை மட்டும் ஓடவிட்டு, பத்து நிமிஷம் எண்ணினால் அது எத்தனை வாட் என்று தெரிந்துவிடும். ஒருத்தன் கடிகாரம், ஒருத்தி எண்ணிக்கை, ஒருத்தி நோட்டு.

முதல் தடவை எண்ணும்போதே குழப்பம். எல்லாம் அணைத்த பிறகும் பத்து நிமிஷத்தில் ஐந்து தடவை கண்ணடித்தது. வீடு முழுக்கத் தேடினோம். ரிமோட்டில் மட்டும் அணைத்திருந்த கேபிள் டி.வி. செட்டாப் பாக்ஸ்! ஐந்து என்றால் கிட்டத்தட்ட 9 வாட். யாரும் பார்க்காத நேரத்திலும் இரண்டு மாதத்துக்கு 13 யூனிட் அது தின்றுகொண்டிருக்கிறது. மாமியாரிடம் சொன்னேன். "ஏ தாயி, நான் பாக்காதப்பவுமா அது பாக்குது?" என்று கேட்டவர், அன்றிலிருந்து சுவிட்சையே அணைத்துவிடுகிறார்.

ஃபேனுக்கு வருகிறேன். முழு வேகத்தில் பழையது பத்து நிமிஷத்துக்கு 40 தடவை. புதியது 15 தடவை. 40-ஐ 3,200-ஆல் வகுத்து ஆறால் பெருக்கினால் மணிக்கு 0.075 யூனிட், அதாவது 75 வாட். 15 தடவைக்கு 28 வாட். பெட்டியும் கடைக்காரரும் சொன்னது அப்படியே சரி. காற்றும் குறையவில்லை. சாயங்கால வோல்டேஜ் பிரச்சினை அடியோடு போனது. 140 முதல் 285 வோல்ட் வரை ஒரே வேகம் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. எங்கள் ஊர் ஆறு மணிக்கு அது உண்மை என்று நான் கையெழுத்துப் போடுவேன். இந்த ஒரு காரணத்துக்காகவே வாங்கியது சரி என்று நினைக்கிறேன், மிச்சமாகும் காசை விடுங்கள்.

ஆனால் காசை விடமாட்டேன் என்றார்கள் பிள்ளைகள். 47 வாட் மிச்சம், நாளைக்கு 15 மணி நேரம், 60 நாள்: 42 யூனிட். மீட்டர் கார்டில் முந்தைய வருஷம் அதே ஏப்ரல்-மே கணக்கு 342. இந்தத் தடவை 303. ஆக 39 யூனிட் குறைந்திருந்தது. கணக்குக்கும் கார்டுக்கும் இவ்வளவு நெருக்கம் இருந்தது எனக்கே ஆச்சரியம். அன்றைய கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம், 200 வரை 2.25 ரூபாய், 400 வரை 4.50. எங்களுக்குக் குறைந்தது அந்த 4.50 அடுக்கில். 42 யூனிட் என்றே வைத்தாலும் ஒரு பில்லுக்கு 189 ரூபாய். மொத்தச் செலவு 3,000. குளிர்மாதங்களில் ஃபேன் அவ்வளவு ஓடாது என்பதையும் சேர்த்தால் போட்ட காசு வர மூன்று வருஷம். ஆறு மாசம் என்பது சுத்தப் பேச்சு.

கடைக்காரர் இன்னொன்றையும் சொல்லாமல் விட்டார். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர ஸ்டிக்கர் கட்டாயம். அதனால் இப்போது கடையில் இருக்கும் சாதாரணப் புது ஃபேனே பழசைவிடக் குறைவாகத்தான் இழுக்கிறது. அதே கடையில் 1,850 ரூபாய்க்கு இருந்த ஒரு நட்சத்திர ஃபேனில் 52 வாட் என்று போட்டிருந்தது. வீட்டில் ஃபேன் கெட்டுப்போய், எப்படியும் புதுசு வாங்கப் போகிறவர் 75-உடன் 28-ஐ ஒப்பிடக் கூடாது, 52-உடன் ஒப்பிட வேண்டும். அப்போது கூடுதல் விலை 1,000 ரூபாய், மிச்சம் 24 வாட். எங்கள் வீடு மாதிரி ஓடினால் இரண்டு வருஷத்தில் வந்துவிடும். நன்றாக ஓடும் பழைய ஃபேனைக் கழற்றி வீசிவிட்டு வாங்குபவருக்குத்தான் மூன்று வருஷம்.

கோவில்பட்டி டவுனில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக் கணக்கு வேறு. அவர்கள் வீட்டில் ஏ.சி. உண்டு, கோடைப் பில் 528 யூனிட். 500-ஐத் தாண்டினால் 101-லிருந்து 200 வரை உள்ள யூனிட்டுக்கும் 2.25 கிடையாது, அதற்கும் 4.50. தாண்டிய யூனிட்டுக்கு 8 ரூபாய். 528-க்கு 2,174 ரூபாய் வந்தது. இரண்டு ஃபேனை மாற்றிய பிறகு அடுத்த கோடையில் 472 யூனிட், 1,557 ரூபாய். ஒரே பில்லில் 617 ரூபாய் வித்தியாசம். 2024 ஜூலையில் கட்டணம் ஏறியது, எண்கள் கொஞ்சம் மாறும், ஆனால் அந்த 500 என்ற வாசற்படி அப்போதும் அப்படியே இருந்தது. யாருக்கு இந்த ஃபேன் உடனே லாபம் என்று கேட்டால், அந்தப் படியில் கால் தட்டுகிறவர்களுக்கு.

இந்த எண்ணிக்கை விளையாட்டு எங்கள் வீட்டோடு நிற்கவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, வாடகை வீடு, அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர். வீட்டுக்காரர் மூன்று குடித்தனத்துக்கும் சேர்த்து ஒரே மீட்டர் வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு சின்ன மீட்டர் மாட்டி, யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார். அந்தப் பிள்ளை வீட்டுக்காரரிடமே போய் மீட்டர் கார்டைப் பார்க்கணும் என்று கேட்டிருக்கிறாள். ஏன் என்று கேட்டதற்கு, "ஹோம் ஒர்க்" என்றாளாம். மொத்தம் 480 யூனிட். அவர் கட்டியது 1,605 ரூபாய். சராசரி யூனிட்டுக்கு 3 ரூபாய் 34 காசு. அதை நோட்டில் எழுதி அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி, கேட்கவே பயந்தார். இரண்டு மாசம் கழித்து மற்ற இரண்டு குடித்தனக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டார். வீட்டுக்காரர் கத்தினார், டியூஷன் எடுக்கும் என்னையும் சேர்த்துத் திட்டினார், கடைசியில் 5 ரூபாய்க்கு இறங்கினார். ஃபேன் விமர்சனத்தில் இது எதற்கு என்று கேட்பீர்கள். எனக்கு இந்த ஃபேன் என்றால் முதலில் ஞாபகம் வருவது இதுதான்.

இனிக் குறைகள். ரிமோட் ஒரு தலைவலி. இருபது பிள்ளைகள் நடுவில் அது யார் பையில் போகிறது என்றே தெரியாது. ஒரு வாரம் ஒருவனின் ஜாமெட்ரி பாக்ஸில் கிடந்தது. இப்போது சணல் கட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறேன். மாமியாருக்கு ரிமோட்டே பிடிக்கவில்லை, சுவிட்சைப் போட்டால் கடைசியாக ஓடிய வேகத்தில் ஓடும் என்பதால் சமாளிக்கிறார்.

பெரிய குறை சர்வீஸ். பதினான்கு மாதம் கழித்து, 2024 ஜூனில், ஒரு இடி மழைக்குப் பிறகு ஃபேன் நின்றுவிட்டது. போர்டு போய்விட்டது. பழைய ஃபேன் என்றால் கோவில்பட்டியில் யாரும் கண்டென்சர் மாற்றி அரை மணியில் ஓடவைப்பார்கள். இதைத் திறக்கவே தயங்கினார்கள். கம்பெனிக்கு நான்கு தடவை போன் போட்டேன். ஒவ்வொரு தடவையும் புதுப் புகார் எண், பழைய எண்ணைப் பற்றிப் பேச்சே இல்லை. பன்னிரண்டாம் நாள் ஆள் வந்து இலவசமாக மாற்றித் தந்தார். வந்த பையனைக் குறை சொல்ல முடியாது. இரண்டு தாலுகாவுக்கும் தான் ஒருத்தன்தான் என்றான். அந்தப் பன்னிரண்டு நாளும் எங்களைக் காப்பாற்றியது, ஜெயலலிதா ஆட்சியில் மிக்சி கிரைண்டரோடு இலவசமாகக் கொடுத்த டேபிள் ஃபேன்.

வாரண்டி முடிந்துவிட்டது. அடுத்த இடிக்குப் போர்டு போனால் கைக்காசுதான். அதையும் சேர்த்தால் எங்கள் மூன்று வருஷக் கணக்கு இன்னும் இழுக்கும் என்று நோட்டு எழுதுகிறவள் ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறாள்.

படுக்கையறைக்கும் ஒன்று வாங்கலாமா என்று போன வாரம் பிள்ளைகளிடம் கேட்டேன். அங்கே இருக்கும் பழைய ஃபேன் ராத்திரி ஆறு மணி நேரம்தான் ஓடும். மீட்டர் முன்னால் போய் உட்கார்ந்து எண்ணிவிட்டு வந்தார்கள், நோட்டில் ஏதோ கிறுக்கினார்கள், தங்களுக்குள் குசுகுசுவென்று பேசினார்கள்.

"இப்ப வேண்டாம்க்கா. அது கெடட்டும்."