63.4 விழுக்காட்டில் நின்ற வன்வட்டு: பிட்லாக்கர் மதிப்புரை

விண்டோஸின் புரோ பதிப்போடு சேர்ந்தே வரும் பிட்லாக்கரை, வேலை ஒழுங்காக முடிந்தவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். ஒரு முறை இயக்கினால், சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி வட்டு முழுவதையும் குறியாக்கம் செய்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் மென்பொருளைப் பற்றி அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் குறியாக்கம் பாதியில் நின்றுவிட்டால் அது எவ்வளவு உதவுகிறது என்பது வேறு கேள்வி. பல ஆண்டுகள் உழைத்த ஒரு மடிக்கணினியின் 1 டெராபைட் வன்வட்டு அந்தக் கேள்விக்கான விடையை எனக்குக் காட்டியது.

தொடங்கும்போதே பிட்லாக்கர் ஒரு தேர்வை முன்வைக்கிறது: கோப்புகள் இருக்கும் பகுதியை மட்டும் குறியாக்கம் செய்வதா, வட்டு முழுவதையுமா? புதிய வட்டுக்கு முதலாவது போதும். பழைய வட்டில், நாம் அழித்த கோப்புகளின் எச்சங்கள் காலி இடத்தில் கிடக்கும் என்பதால் இரண்டாவதுதான் முறை. அதையே தேர்ந்தெடுத்தேன். வன்வட்டின் வேகத்துக்குப் பல மணி நேரம் ஆகும் என்று எதிர்பார்த்ததுதான். இடையில் கணினியை அணைத்தாலும், மின்சாரம் திடீரென்று போனாலும், அடுத்த முறை விண்டோஸ் தொடங்கும்போது விட்ட இடத்திலிருந்தே வேலை தொடரும். பிட்லாக்கரின் மிகச் சிறந்த குணம் இது என்றே சொல்வேன்.

மறுநாள் காலையில் எண்ணிக்கை 63.4இல் நின்றது, மாலையிலும் அதே 63.4. நிறுத்திவைத்துத் தொடரச் சொன்னேன், கணினியை மறுபடி இயக்கினேன், அசையவில்லை. முன்னேற்றத்தைக் காட்டும் சிறிய சாளரத்தில் விழுக்காடும் நிறுத்திவைக்கும் பொத்தானும் தவிர வேறெதுவும் இல்லை. மெதுவாகப் போகிறதா, முட்டிக்கொண்டு நிற்கிறதா என்பதை அதைப் பார்த்து அறிய வழியே இல்லை. இவ்வளவு கவனமாக எழுதப்பட்ட மென்பொருளுக்கு இந்த மௌனம் பொருந்தவில்லை.

உண்மையான பிட்லாக்கர் கட்டளை வரியில்தான் இருக்கிறது. நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து மேனேஜ்-பிடிஇ கட்டளையில் ஸ்டேட்டஸ் கேட்டால், குறியாக்கம் நடக்கிறதா நின்றிருக்கிறதா, எத்தனை விழுக்காடு, எந்த முறை, பாதுகாப்பு இயங்குகிறதா என்று வரிசையாகச் சொல்லிவிடுகிறது. இருந்தாலும் 'ஏன்' என்பதை அதுவும் சொல்லவில்லை. அதற்கு, விண்டோஸ் குறித்துவைக்கும் நிகழ்வுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவேட்டைத் திறக்க வேண்டியிருந்தது. அங்கே 'டிஸ்க்' என்ற பெயரில், 7 என்ற எண்ணோடு, வட்டில் பழுதான பகுதி உள்ளது என்ற எச்சரிக்கை மறுபடி மறுபடி பதிவாகியிருந்தது. குற்றம் பிட்லாக்கருடையது அன்று. படிக்கவே முடியாத ஒரு பகுதியை எந்த மென்பொருளாலும் குறியாக்கம் செய்ய முடியாது. ஆனால் அடுத்த அறையில் எழுதிவைத்திருக்கும் காரணத்தை நம் முகத்துக்கு நேரே சொல்ல அதனால் முடிந்திருக்க வேண்டும்.

குறியாக்கத்தை நிறுத்திவைத்து, முக்கியமான கோப்புகளையெல்லாம் வெளி வட்டுக்கு நகலெடுத்த பிறகே, வட்டைச் சோதிக்கும் விண்டோஸ் கருவியான செக்டிஸ்க்கை, பழுதான பகுதிகளையும் தேடும் ஆர் விருப்பத்தோடு இயக்கினேன். இந்த வரிசையை மாற்றக் கூடாது. நோயுற்ற வட்டை இரவு முழுவதும் படிக்கச் சொல்வதே அதற்கு ஒரு பெரிய சுமை. வழக்கமான வழியில் வட்டு திறக்காதபோது உதவும் மீட்புச் சாவியையும் அப்போதே தாளில் எழுதிக்கொண்டேன். 48 இலக்கங்கள் என்றதும் மலைப்பாக இருக்கும். ஆனால் ஆறு ஆறாகப் பிரித்த எட்டுத் தொகுதிகளில் ஒவ்வொன்றும் 11ஆல் வகுபடும்படி அமைந்திருப்பதால், ஓர் இலக்கம் தவறினால் எந்தத் தொகுதியில் என்று உடனே தெரிந்துவிடும். இந்த நுணுக்கத்தை வடிவமைத்தவர்களே அந்தச் சாளரத்தையும் வடிவமைத்திருக்கலாம்.

செக்டிஸ்க்குக்குப் பிறகு எண்ணிக்கை 71 வரை ஏறி மறுபடி நின்றது. அத்தோடு அந்த வட்டின் மேலிருந்த நம்பிக்கையை விட்டுவிட்டேன். பழுதான வட்டிலிருந்து தரவை மீட்பதற்கென்று ரிப்பேர்-பிடிஇ என்ற கருவி இருப்பது உண்மைதான். ஆனால் குறியாக்கம் நடக்கும்போதே பழுதான வட்டை அதனால் சரிசெய்ய இயலாது. முன்பே நகலெடுத்திருக்காவிட்டால் வழி அடைபட்டிருக்கும். புதிய சாலிட் ஸ்டேட் வட்டில், கோப்புகளை ஏற்றுவதற்கு முன்பே பயன்பாட்டிலுள்ள பகுதிக்கு மட்டும் என்ற தேர்வோடு பிட்லாக்கரை இயக்கியபோது, சாளரத்தைக் கவனிப்பதற்குள் வேலை முடிந்திருந்தது.

ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருகிறேன். ஒன்றரையைக் குறைத்ததற்கு அந்த மௌனத்தோடு இன்னொரு காரணமும் உண்டு. 71 விழுக்காடு என்று திரையில் பார்ப்பவர், வட்டின் பெரும்பகுதி காப்பாற்றப்பட்டுவிட்டது என்றே எண்ணுவார். ஆனால் குறியாக்கம் முழுமையாகும் வரை பாதுகாப்பு நிலை 'இயங்கவில்லை' என்பதாகவே இருக்கும். இதை மேனேஜ்-பிடிஇ சொல்கிறது, சாளரம் சொல்வதில்லை. அதனால் கழற்றிய பழைய வட்டைப் பழுதுபார்ப்பவரிடமும் கொடுக்கவில்லை, குப்பையிலும் போடவில்லை. உள்ளிருக்கும் தட்டுகளை உடைத்துவிடும்வரை அது மேசை இழுப்பறையில் பூட்டியே இருக்கும்.