ரிஞ்சானியா, தம்போராவா? கினபாலுவுக்கு அடுத்த மலை

மலேசியாவின் கினபாலு மலையை ஏறி முடித்த கோலாலம்பூர் நண்பர்களிடம் அடுத்து எங்கே என்று கேட்டால் பெரும்பாலும் ரிஞ்சானி என்பார்கள். அது இருக்கும் இந்தோனேசியாவின் லொம்போக் தீவுக்கு இங்கிருந்தே நேரடி விமானம், ஏற்பாடு செய்ய ஆட்கள் ஏராளம், மூன்று பகல் இரண்டு இரவில் மலை முடிந்துவிடும். நானும் முன்பு அங்கேதான் போனேன். கடந்த ஆகஸ்டில் தங்கையோடும் இரண்டு நண்பர்களோடும் போனது அதற்குக் கிழக்கே, சும்பாவா தீவிலுள்ள தம்போரா எரிமலைக்கு. இரண்டில் ஒன்றைச் சொல் என்றால் தம்போரா என்பேன்.

சுலபமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அழகில் ரிஞ்சானிதான். செகாரா அனாக் ஏரியும் அதன் நடுவே எழும் பாருஜாரி எரிமலைக் கூம்பும் சேர்ந்த காட்சி தம்போராவில் கிடையாது. பயணமும் ரிஞ்சானிக்குத்தான் எளிது. தம்போராவுக்கு சும்பாவாவின் பீமா நகர்வரை பறந்தாலும், அப்புறம் ஏற்றம் தொடங்கும் பஞ்சசீலா கிராமத்துக்குப் பல மணி நேரம் வண்டியில் போக வேண்டும். ஐந்து நாள் லீவு போதாது, ஏழு நாளாவது வேண்டும். இரண்டிலும் வழிகாட்டியோடு பேச நம் மலாயே போதும்.

நான் முடிவெடுத்தது ஒரே விஷயத்தை வைத்து: எந்த உயரத்தில் தூங்குகிறோம், எந்த மண்ணில் நடக்கிறோம்?

கினபாலுவில் 3,272 மீட்டரிலுள்ள பானாலாபான் தங்குமிடத்தில் தங்கைக்கு இரவு முழுதும் தலைவலி, வாந்தி. அவள் உச்சியைப் பார்க்காமலே இறங்கினாள். உயர நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். ரிஞ்சானியில் செம்பாலுன் பக்க முகாம் 2,639 மீட்டரில் இருக்கிறது. அங்கே படுத்து, நள்ளிரவு தாண்டியதும் எழுந்து 3,726 மீட்டருக்கு ஏற வேண்டும். ஒரே மூச்சில் 1,087 மீட்டர், அதிலும் கடைசிப் பகுதி முழுக்கச் சாம்பலும் சரளையும். நான் அந்த முகாமோடு திரும்பியவன். உச்சிச் சரிவை மிதித்துப் பார்த்ததில்லை. உடன் வந்து ஏறியவர்கள், இரண்டு அடி வைத்தால் ஓரடி சறுக்குகிறது என்றார்கள். இறங்கி வந்தபோது அவர்கள் முழங்கால்கள் இருந்த நிலையை நான் பார்த்தேன்.

தம்போராவில் பஞ்சசீலாவிலிருந்து காப்பித் தோட்டம் தாண்டி ஐந்து நிறுத்தங்கள். ‘போஸ்’ என்பார்கள். நாங்கள் தூங்கியது மூன்றாம் போஸில், 2,000 மீட்டருக்குக் கீழே, பக்கத்திலேயே தண்ணீர். மேலே எரிமலை வாயின் விளிம்பில் சில மணி நேரம் இருந்துவிட்டு அன்றே கீழே வந்துவிட்டோம். தங்கைக்குத் தலைவலி எட்டிப் பார்க்கவில்லை. பாதி வழி வேர், சேறு, ஈர இலை. வாராவாரம் கோலாலம்பூர் பக்கத்து நுவாங் மலையில் பழகிய கால்களுக்கு அது தெரிந்த மண். ரிஞ்சானியின் வெயில் புல்வெளிக்கும் சாம்பல் சரிவுக்கும் கோலாலம்பூரில் எங்கே போய்ப் பழகுவது? தம்போராவிலும் கடைசியில் மணல் உண்டு, ஆனால் எங்களால் பேசிக்கொண்டே ஏற முடிந்தது.

அட்டை உண்டு, அது நமக்குப் புதிதல்ல. மூன்றாம் போஸுக்கு மேலே பாதையோரம் நெருக்கமாக நிற்கும் ஜெலாத்தாங் செடிதான் தொல்லை. நம் காஞ்சொறி மாதிரி பட்டாலே எரியும். முழுக்கைச் சட்டையும் கையுறையும் இல்லாமல் போகாதீர்கள்.

விளிம்பில் நின்றபோது தங்கை பேசவே இல்லை. 6 கிலோமீட்டர் அகலத்தில் வாய் பிளந்து கிடக்கிறது மலை. 1815 ஏப்ரல் 10இல் வெடித்துச் சிதறுவதற்கு முன் அது 4,300 மீட்டர் இருந்திருக்கலாம் என்கிறார்கள். இன்று ஏறத்தாழ 2,850. கிட்டத்தட்ட ஒரு நுவாங் அளவு மலை காணாமல் போயிருக்கிறது. வெடித்த சத்தம் சுமத்ராவரை கேட்டது. பினாங்கில் 1805இல் வேலைக்கு வந்த ஆங்கிலேயர் ராஃபிள்ஸ் அப்போது ஜாவாவை ஆண்டுகொண்டிருந்தார். அங்கே பீரங்கிச் சத்தம் என்று நினைத்துப் படையையே அனுப்பினார்கள். பின்னர் அவர் அரிசியோடு அனுப்பிய ஓவன் பிலிப்ஸிடம், மூன்று நெருப்புத் தூண்கள் எழுந்து மேலே ஒன்று கலந்ததை, மலைக்குப் பக்கத்திலிருந்த சங்கார் அரசின் ராஜா சொல்லியிருக்கிறார். பசியில் ராஜாவின் மகளே இறந்துபோனாள். அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வரவில்லை.

ரிஞ்சானிக்கும் பெரிய வரலாறு உண்டு. அதன் பக்கத்திலிருந்த சமலாஸ் எரிமலை 1257இல் வெடித்ததென்பதை 2013இல்தான் உறுதிப்படுத்தினார்கள். ஆனால் தம்போராவில் அழிந்துபோன பெகாட், தம்போரா அரசுகளின் பெயர்கள் இன்றும் வட்டாரப் பெயர்களாக இருக்கின்றன. போகும் வழியில் பெயர்ப்பலகையில் அவற்றைப் படித்தபோது எனக்கு மனம் கனத்தது.

ஒன்றை மறைக்கக் கூடாது: கால் முறிந்தால் தம்போராவில் மருத்துவமனை வெகு தூரம். மீட்புச் செலவை ஏற்கும் காப்புறுதி இல்லாமல் ஏறாதீர்கள். தெற்கே டோரோ நச்சாங்கா பக்கம் ஜீப்பிலேயே பாதி உயரம் போகலாம். நான் அந்த வழியில் போகாததால் நல்லது கெட்டது சொல்ல மாட்டேன்.

தனி ஆளாகப் போகிறீர்களா, லீவும் குறைவா? ரிஞ்சானிக்கே போங்கள், முகாம் விளிம்போடு திரும்பினாலும் ஏரியைப் பார்த்துவிடலாம். ஜனவரி முதல் மார்ச் வரை மட்டும் வேண்டாம், மலையை மூடிவிடுவார்கள். தம்போரா என்றால் நாலு பேரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள், வண்டி வாடகையைப் பங்கு போட அத்தனை பேர் வேண்டும்.