பன்னிரண்டு வாரப் பண்ணை வேலை: வானூர் வட்டத்துக் கூட்டுப் பண்ணை ஒன்றைப் பற்றிய மதிப்புரை

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், திண்டிவனம்–புதுச்சேரி நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, முந்திரித் தோப்புகளுக்கும் சவுக்குத் தோப்புகளுக்கும் நடுவே பதினான்கு ஏக்கரில் நடைபெறும் இயற்கைக் கூட்டுப் பண்ணை ஒன்றில், 2024 செப்டம்பர் 9 முதல் நவம்பர் 30 வரை பருவகாலப் பணியாளனாகத் தங்கி வேலை செய்தேன். நிறைகளோடு குறைகளையும் எழுதப்போவதால் பண்ணையின் பெயரைத் தவிர்க்கிறேன். கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான்; ஆகவே இந்த மதிப்புரையில் மண்ணின் மணத்தைவிட வரவு செலவு சற்று மிகுதியாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

திட்டத்தின் விதிகள் எளியவை. முதல் நான்கு வாரங்களுக்கு உணவுக்கும் தங்குமிடத்துக்குமாக நாளொன்றுக்கு 300 ரூபாய் நாம் செலுத்த வேண்டும்; மீதமுள்ள எட்டு வாரங்களுக்கு நம் உழைப்பே கட்டணமாகக் கொள்ளப்படும்; இவை தவிர, சேரும்போது 5,000 ரூபாய் வைப்புத்தொகை கட்ட வேண்டும். காலை ஆறு மணி முதல் எட்டரை வரையும், கூழ் குடித்த பின் ஒன்பதேகால் முதல் பன்னிரண்டு வரையும் வேலை; மாலையில் முறைவைத்து ஒரு மணி நேரம் நீர் பாய்ச்ச வேண்டும். “உழைக்கிறவனே காசும் கொடுக்க வேண்டுமா?” என்று என் வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 1971இல் இங்கிலாந்தில் தோன்றி இன்று பல நாடுகளில் இயங்கும், இயற்கைப் பண்ணைகளுக்குத் தன்னார்வலர்களை அனுப்பும் ‘வூஃப்’ அமைப்பின் வழக்கப்படி, உழைப்புக்கு ஈடாகப் பண்ணை உணவும் உறைவிடமும் தரும், பணம் கைமாறாது. இந்தப் பண்ணை அந்த வழக்கத்திலிருந்து விலகி முதல் மாதத்துக்குப் பணம் வாங்குவதை அநியாயம் என்றே நானும் எண்ணியிருந்தேன். நடவு நாளில் அந்த எண்ணம் மாறியது.

அதற்கு முன் நிலத்தைப் பற்றிச் சில சொற்கள். இந்த வட்டாரம் செம்மண் பூமி; ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் மழை பெய்தாலும் அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களுக்குள் கொட்டிவிடுகிறது. ஆகையால் இங்கே உழவு என்பது முதலில் நீரை நிறுத்தும் வேலை, பிறகுதான் பயிர் செய்யும் வேலை. எங்கள் முதல் இரண்டு வாரங்கள் முழுவதும் வரப்பை உயர்த்துவதிலும், மேட்டுப்பாத்திகளுக்கு மூடாக்குப் போடுவதிலும், வடிகால் வெட்டுவதிலுமே கழிந்தன. கீரை பறித்துப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்று வந்த இருவர் பத்தாம் நாளே மூட்டை கட்டிவிட்டார்கள்.

பண்ணையில் ஒரே நேரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பயிர்கள் நின்றன. நஞ்சையில் நெல், கொல்லையில் மல்லாட்டை, பாத்திகளில் வெண்டை, கத்திரி, கொத்தவரை, முளைக்கீரை, பந்தலில் பாகலும் புடலையும், வேலியோரம் முருங்கை, பப்பாளி, வாழை. நிலக்கடலையை இந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்பார்கள். கடலை ரகங்களின் பெயரில் வரும் ‘டி.எம்.வி.’ என்ற மூன்றெழுத்து, அவற்றை உருவாக்கிய திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தைக் குறிப்பது என்பதை இங்கு வந்த பிறகே அறிந்தேன். கொல்லையின் ஓரங்களில் ஆமணக்கு நட்டிருந்தார்கள். இலையைத் தின்னும் புரொடீனியாப் புழுவின் தாய் அந்துப்பூச்சிக்குக் கடலையைவிட ஆமணக்கின் அகன்ற இலைதான் பிடித்தமானது. அதில் முட்டைக் குவியலைக் கண்டவுடன் இலையோடு கிள்ளி எடுத்துவிட்டால் பாதிப் பூச்சி மேலாண்மை முடிந்தது. தட்டைப்பயற்றில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வந்தபோது பதறி வேப்பெண்ணெய்க் கரைசலை எடுக்கப்போன என்னை, பண்ணைப் பொறுப்பாளர் தடுத்து நான்கு நாள் காத்திருக்கச் சொன்னார். ஐந்தாம் நாள் அசுவினியைத் தின்னும் பொறிவண்டுகள் வந்து சேர்ந்துவிட்டன. பல பயிர் வைப்பதன் பொருளை எனக்கு விளக்கியது அந்த நான்கு நாள் சும்மா இருந்ததுதான்.

இடுபொருள் தயாரிப்பை முறையாகவே கற்றுத்தருகிறார்கள். ஓர் ஏக்கருக்கான ஜீவாமிர்தத்துக்கு 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி வரப்பு மண், 200 லிட்டர் நீர் என்ற அளவைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். காலையும் மாலையும் கலக்கும் பொறுப்பு முறைவைத்து எல்லோருக்கும் வரும். பஞ்சகவ்யத்தின் வாசனைக்கு மூன்றாம் வாரத்தில் மூக்கு பழகிவிடும்.

இனி நடவு. பண்ணையில் ஒரு ஏக்கருக்குச் சற்றுக் குறைவான கழனியில் மாப்பிள்ளைச் சம்பா பயிரிடுகிறார்கள். ஏறத்தாழ 160 நாள் பயிர். அக்டோபர் முதல் வாரத்தில், சேறடித்த கழனியில் அரை ஏக்கரைப் பக்கத்து ஊரிலிருந்து வந்த எட்டுப் பெண்களுக்கும், கால் ஏக்கரைப் பருவப் பணியாளர்களான எங்கள் ஒன்பது பேருக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். அவர்கள் மதியத்துக்குள் முடித்துக் கரையேறினார்கள். எங்களுக்கு இரண்டு நாள் பிடித்தது. அதிலும் மறுநாள் காலை பார்த்தால் நாங்கள் நட்ட நாற்றுகளில் கணிசமானவை நீரில் மிதந்துகொண்டிருந்தன; அந்தப் பெண்களில் இருவர் வந்து அவற்றை மீண்டும் ஊன்றினார்கள். “மூணு விரலு போதும் தம்பி, முழுக் கையையும் எதுக்கு சேத்துல உடறீங்க?” என்று அவர்களுள் மூத்தவர் சொன்னதுதான் அந்தப் பன்னிரண்டு வாரங்களில் எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த பாடம். அதன் பிறகே நாற்றின் வேர் எந்த ஆழத்தில் நிற்க வேண்டும் என்பது கைக்குப் பிடிபட்டது.

அன்றிரவு பழக்கதோஷத்தால் கணக்குப் போட்டேன். அந்தப் பெண்களுக்குப் பண்ணை கொடுக்கும் நாள்கூலி 350 ரூபாய். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் ஊதியம் 319 ரூபாய். எட்டுப் பேருக்கு 2,800 ரூபாயில் அரை ஏக்கர் நடவு முடிந்தது என்றால், எங்கள் கால் ஏக்கரின் மதிப்பு 1,400 ரூபாய். எங்கள் ஒன்பது பேருக்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு 150 ரூபாய் உணவுச் செலவு என்று குறைத்து வைத்துக்கொண்டாலும், இரண்டு நாளைக்கு 2,700 ரூபாய் ஆகிறது. ஆக, நாங்கள் இலவச உழைப்புத் தந்துகொண்டிருக்கிறோம் என்ற எண்ணத்துக்கு ஆதாரமே இல்லை. முதல் மாதத்து 300 ரூபாய் முற்றிலும் நியாயமான கட்டணம் என்பது என் முடிவு. களையெடுப்பிலும் காய் பறிப்பிலும் இரண்டாம் மாதத்திலிருந்து நாங்கள் ஓரளவு தேறினோம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆனால் இந்தக் கணக்கு பண்ணையின் மீது எனக்குள்ள முதன்மையான குறைக்கும் இட்டுச் செல்கிறது. பண்ணையின் அறிமுகக் கையேட்டில் எங்களைப் போன்ற வெளியூர்ப் பணியாளர்கள் சேற்றில் சிரித்துக்கொண்டு நிற்கும் படங்கள் ஆறு இருக்கின்றன. ஆண்டு முழுவதும் நாள்தோறும் வந்து அந்த நிலத்தைத் தாங்குகிற உள்ளூர்ப் பெண்களின் படம் ஒன்றுகூட இல்லை. வாராந்தரக் கூட்டத்தில் அவர்களுக்கு இருக்கை இல்லை; ஏனெனில் அது அவர்கள் வீடு திரும்பிய பின் மாலை ஆறு மணிக்கு நடக்கிறது. பயிற்சி வகுப்புகளை எடுப்பவர்களும் வெளியிலிருந்து வருபவர்களே. கூலியில் குறை வைக்காத ஒரு பண்ணை, கற்பிப்பவர் யார் என்பதை ஒப்புக்கொள்வதில் மட்டும் ஏன் இவ்வளவு தயங்குகிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

அடுத்த குறை, ‘பருவகாலம்’ என்ற சொல்லையே பற்றியது. பண்ணை ஆண்டை ஜூன், செப்டம்பர், டிசம்பர் எனத் தொடங்கும் மூன்று பன்னிரண்டு வாரங்களாக வகுத்திருக்கிறது. பயிர்களோ அந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. ஆடியில் யாரோ விதைத்த மல்லாட்டையை ஐப்பசியில் நாங்கள் பிடுங்கினோம். நாங்கள் நட்ட சம்பாவைத் தைக் கடைசியில் வேறு யாரோ அறுப்பார்கள். மல்லாட்டையின் கொத்து ரகங்களுக்கு, முற்றிய விதை சில காலம் முளைக்காமல் கிடக்கும் ‘விதை உறக்கம்’ இல்லையாதலால், முற்றிய பின் மழை பிடித்துக்கொண்டால் நிலத்துக்குள்ளேயே முளைவிட்டுவிடும். ஆகவே அந்த அறுவடை நான்கு நாள் பதற்றத்தில் நடந்தது. அந்தப் பதற்றத்தின் காரணம்கூட, விதைப்பைப் பார்த்திராத எங்களுக்குப் பாதிதான் புரிந்தது. விதைப்பு முதல் அறுவடை வரை ஒரு பயிரோடு இருக்க விரும்புவோருக்கு இருபத்திரண்டு வாரக் கட்டம் ஒன்றையும் பண்ணை திறந்துவைக்கலாம். கீரை மட்டும் விதிவிலக்கு: முளைக்கீரை இருபத்தைந்து நாளில் பறிப்புக்கு வந்துவிடுவதால், என் கையால் விதைத்து என் கையால் பறித்தது அது ஒன்றே.

விளைச்சலில் பெரும்பகுதி புதுச்சேரியிலும் சென்னையிலும் உள்ள எழுபது குடும்பங்களுக்கு வாரக் கூடையாகச் செல்கிறது. கூடைக்கு 500 ரூபாய் வீதம் மூன்று மாதப் பணத்தை அவர்கள் முன்கூட்டியே கட்டிவிடுகிறார்கள். விளைந்தால் லாபம், பொய்த்தால் நட்டம் இரண்டிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. ஜப்பானில் 1970களில் ‘டெய்கெய்’ என்ற பெயரில் பரவி, அமெரிக்காவில் 1986இல் மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலப் பண்ணைகளில் காலூன்றிய முறை இது. ஏட்டில் அழகாக இருக்கும் இந்த ஏற்பாட்டை அக்டோபர் நடுவில் பிடித்த மழை சோதித்தது. கீரைப் பாத்திகள் அழுகின. கூடையில் வாழைத்தண்டு, வாழைப்பூ, பப்பாளிக்காய், சேனைக்கிழங்கு, முருங்கைக்கீரை என்று மூன்று வாரங்கள் தொடர்ந்தன. தீபாவளி வாரத்தில் தக்காளியும் வெங்காயமும் இல்லாத கூடையைப் பெற்ற உறுப்பினர்களின் தொலைபேசிக் குமுறல்களை ஏற்கும் பொறுப்பு, கணக்குத் தெரிந்தவன் என்ற காரணத்தால் என்னிடம் விடப்பட்டிருந்தது. வெளிச்சந்தையில் வாங்கிக் கூடையை நிரப்பும் குறுக்குவழியைப் பண்ணை எடுக்கவில்லை. என்ன அழுகியது, ஏன் அழுகியது என்று கையால் எழுதிய சீட்டை ஒவ்வொரு கூடையிலும் வைத்தது. ஐந்து குடும்பங்கள் விலகின. இந்த நேர்மைக்காகவே நான் இந்தப் பண்ணையை மற்றவர்களுக்குப் பரிந்துரைக்கிறேன். சான்றிதழ் விஷயத்திலும் அவர்கள் வாய்ச்சொல்லோடு நிற்கவில்லை. குறைந்தது ஐந்து உழவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர் சோதிக்கும் பி.ஜி.எஸ். என்ற பங்கேற்பு உத்தரவாத முறையில் பதிவு செய்திருக்கிறார்கள், அந்தச் சோதனை நாளில் எங்களையும் உடன் வர அனுமதித்தார்கள்.

தங்குமிடம் கீற்றுக் கொட்டகை, இருவருக்கு ஒன்று. கொசுவலை தருகிறார்கள், மின்விசிறி இல்லை. உணவில் குறை சொல்ல இடமே இல்லை: காலையில் கேழ்வரகுக் கூழும் மோர்மிளகாயும், மதியம் புழுங்கலரிசிச் சோறும் அன்றைய காயும், இரவில் பெரும்பாலும் களி அல்லது இட்லி. களிக்கு முருங்கைக்கீரைக் குழம்பு வைத்த நாட்களை இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.

பாதுகாப்பில் பண்ணை அலட்சியமாக இருக்கிறது. ஏழாம் வாரத்தில் வாழை இலை அறுக்கும்போது அரிவாள் என் இடது சுட்டுவிரலில் இறங்கியது. முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் காலாவதியான களிம்பும் ஒரு வெட்டுக்கத்தரியும் மட்டுமே இருந்தன. மஞ்சளை அப்பித் துணி சுற்றி, இருசக்கர வண்டியில் பன்னிரண்டு கிலோமீட்டர் போய்த் தையல் போட்டுக்கொண்டேன். புதிதாக அரிவாள் பிடிப்பவர்களுக்கு அதைப் பிடிக்கும் முறையை அதுவரை யாரும் சொல்லித்தரவில்லை என்பதுதான் காயத்தைவிடப் பெரிய குறை. அதன் பின் பெட்டியை நிரப்பினார்கள்.

என் கடைசி வேலை நாளான நவம்பர் 30 அன்று இரவுதான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. முந்தைய நாளே பப்பாளி மரங்களின் காய்ப்பாரத்தைக் குறைத்து, பந்தல் கயிறுகளைத் தளர்த்தி, மாடுகளை மேட்டுக் கொட்டிலுக்கு மாற்றி, எங்களை ஓட்டுக் கட்டடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். முதலுதவிப் பெட்டியை மறந்த அதே நிர்வாகம் புயலுக்கு இவ்வளவு ஒழுங்காகத் தயாரானது வியப்பாக இருந்தது. மறுநாள் மேட்டுப்பாத்திகளில் பாதியைக் காணவில்லை. முதல் இரண்டு வாரங்களில் நாங்கள் உயர்த்திய வரப்பில் இரண்டு இடங்கள் உடைந்திருந்தன, மற்றவை நின்றன. நெல் தலை மட்டும் தெரிய நீரில் நின்றுகொண்டிருந்தது. சாலை திறக்கும் வரை இருந்து உடைப்புகளை மண்மூட்டையால் அடைத்துவிட்டு டிசம்பர் 3 அன்று கிளம்பினேன். அந்தக் கூடுதல் நாட்களுக்குக் கட்டணம் கேட்கவில்லை.

சேர விரும்புவோருக்கு: அறுவடையைப் பார்க்க வேண்டுமென்றால் டிசம்பர் கட்டத்தைக் கேட்டு வாங்குங்கள், கால் தோலைக் காக்கத் தேங்காய் எண்ணெயும், சொந்தமாக ஒரு முதலுதவிப் பையும் எடுத்துச் செல்லுங்கள், டெட்டனஸ் ஊசியைக் கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். வைப்புத்தொகை எனக்குத் திரும்பி வர நாற்பத்தொரு நாளும் மூன்று நினைவூட்டல் கடிதங்களும் ஆயின.