டெக்ஸ்ச்சரை அழிக்க நான்கு வழிகள்

நீங்கள் எழுதிய மொபைல் விளையாட்டு ஓடும்வரை ஒரு குறையும் இருக்காது. ஒரு கட்டம் முடிந்து அடுத்தது ஏறும்போதோ, அழைப்பு வந்து செயலி பின்னணிக்குப் போகும்போதோ பொத்தென்று விழும். அப்படியானால் வரையும் நிரலைக் குடைவதற்கு முன், டெக்ஸ்ச்சர்களையும் (உருவங்கள் மேல் ஒட்டும் படங்கள்) பஃபர்களையும் (வரைவதற்கான தரவுத் தொகுப்புகள்) யார், எந்த த்ரெட்டிலிருந்து (நிரலுக்குள் தனியாக ஓடும் இழை) அழிக்கிறார்கள் என்று பாருங்கள். அழிப்பதற்குப் புழக்கத்தில் இருக்கும் வழிகள் நான்கு.

முதலாவது, ஒரு பொருள் நினைவகத்திலிருந்து நீங்கும்போது தானாக ஓடும் நிரலான ஃபைனலைசரிடமோ டெஸ்ட்ரக்டரிடமோ விட்டுவிடுவது. எழுத எளிது, இருப்பதிலேயே மோசமானதும் இதுதான். ஆண்ட்ராய்டில் ஃபைனலைசர் ஓடுவது தனி த்ரெட்டில். ஓபன்ஜிஎல் என்னும் வரைகலை நிரலகத்தின் கான்டெக்ஸ்ட் (அதன் நிலையும் பொருள்களும் வாழும் இடம்) இருப்பதோ வரையும் த்ரெட்டில். அழிக்கும் கட்டளை எங்கும் போய்ச் சேராமல் நினைவகம் கசிந்துகொண்டே இருக்கும். கான்டெக்ஸ்ட் இல்லாமல் ஓபன்ஜிஎல்லை அழைத்ததாக லாக்கேட்டில் (ஆண்ட்ராய்டின் பதிவேடு) ஒரு வரி வரும். அதுவும் ஒரு த்ரெட்டுக்கு ஒரே ஒரு முறை. பிறகு மௌனம். ஃபைனலைசர் எங்காவது வேறு த்ரெட் பிடித்து வைத்திருக்கும் பூட்டுக்குக் காத்து நின்றால், வழக்கமாகப் பத்து விநாடிக் கெடு தாண்டியதும் கண்காணிப்பு த்ரெட் செயலியையே முடித்துவிடும்.

இரண்டாவது, ஆண்ட்ராய்டில் ஓபன்ஜிஎல் வரையும் திரைப்பகுதியான ஜிஎல்சர்ஃபேஸ்வியூவின் க்யூஈவென்ட் (வேலையை வரிசையில் போடும் அழைப்பு) வழியாக வரையும் த்ரெட்டுக்கு அனுப்புவது. முதலாவதைவிட எவ்வளவோ மேல். ஆனால் அது உறுதி தருவது த்ரெட்டுக்கு மட்டும்தான். கான்டெக்ஸ்ட் போன பின்பும் வரிசையில் உள்ள வேலைகள் ஓடிவிடும். ஆகவே துடைக்கும் வேலையை அதன் ஆன்பாஸை (வரைவதை நிறுத்தும் அழைப்பு) அழைப்பதற்கு முன்பே வரிசையில் போட வேண்டும். திரை மூடும்போது வரும் ஆன்டெஸ்ட்ராயில் போடுவது காலம் கடந்த செயல்.

மூன்றாவது, நம் சொந்த அழிப்பு வரிசை. என் ஓட்டு இதற்குத்தான். எந்த த்ரெட்டும் அழிக்க வேண்டிய டெக்ஸ்ச்சரின் எண்ணை வரிசையில் போடலாம்; ஒவ்வொரு ஃபிரேமின் (திரையில் வரையும் ஒரு படம்) தொடக்கத்தில் வரையும் த்ரெட் மட்டுமே அதைக் காலி செய்யும். இதில் பலர் விட்டுவிடுவது தலைமுறை எண், அதாவது இது எத்தனையாவது கான்டெக்ஸ்ட் என்ற கணக்கு. கான்டெக்ஸ்ட் தொலைந்து புதிதாக உருவாகும்போது டெக்ஸ்ச்சர் எண்கள் வழக்கமாக மறுபடி ஒன்றிலிருந்தே தொடங்கும். பழைய வரிசையில் ‘7’ காத்திருக்கிறது. புதிய கான்டெக்ஸ்டிலும் ஒரு ‘7’ பிறந்திருக்கிறது, அது நாயகனின் முகம். வரிசை ஓடியதும் முகம் கறுத்துப்போகும். கிராஷ் இல்லை, பிழைச்செய்தி இல்லை. இல்லாத எண்ணை அழிக்கச் சொன்னால் ஓபன்ஜிஎல் பொருட்படுத்தாது; இருக்கும் எண் என்றால் யாருடையது என்று கேட்காமல் அழித்துவிடும். ஒவ்வொரு பதிவோடும் கான்டெக்ஸ்டின் தலைமுறையைச் சேர்த்து வைத்து, பொருந்தாததை எறிந்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

ஓபன்ஜிஎல்லுக்குப் பின் வந்த வரைகலை நிரலகமான வல்கனுக்கு வந்தால் இந்த வரிசை கட்டாயம் என்றே சொல்வேன். ஜிபியு (வரைகலைச் சில்லு) பயன்படுத்திக்கொண்டிருக்கும் பொருளை அழித்தாலும் ஓபன்ஜிஎல் டிரைவர் (அந்தச் சில்லை இயக்கும் மென்பொருள்) சமாளித்துக்கொள்ளும்; வல்கன் அந்தப் பொறுப்பை நம் தலையில் கட்டிவிடுகிறது. இரண்டு மூன்று ஃபிரேம்கள் ஜிபியுவில் இன்னும் முடியாமல் இருக்கும்போது இமேஜை (வல்கனில் டெக்ஸ்ச்சரின் படம்) அழித்தால் டிவைஸ் லாஸ்ட் (ஜிபியு இணைப்பே அறுந்த பிழை) வரலாம், டிரைவருக்குள்ளேயே செக்மென்டேஷன் ஃபால்ட்டும் (தவறான நினைவக அணுகலால் வரும் கிராஷ்) வரலாம். அந்த ஃபிரேமை ஜிபியு முடித்துவிட்டதாக அதன் ஃபென்ஸ் சைகை தந்த பிறகே வரிசையிலிருந்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு அழிப்புக்கும் டிவைஸ்வெயிட்ஐடில் (ஜிபியுவின் வேலை முழுதும் முடியும்வரை காத்திருக்கும் அழைப்பு) போடுவது பாதுகாப்பானதுதான். ஆனால் விநாடிக்கு 60 ஃபிரேம் வேகத்தில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பதே சுமார் 16.7 மில்லிவிநாடி, அது காத்திருப்பிலேயே கரைந்துவிடும். கட்டம் மாறும் திரையில் வேண்டுமானால் போடலாம். வல்கனைத் தவறாகப் பயன்படுத்துவதைக் கண்டுபிடிக்கும் வேலிடேஷன் லேயரை இயக்கி ஒரு முறை விளையாடினாலே குற்றவாளியின் பெயர் பெரும்பாலும் வந்துவிடும்.

நான்காவது, ஒன்றுமே செய்யாமல் இருப்பது. சோம்பேறித்தனமாகத் தோன்றும். ஆனால் செயலியின் ப்ராசஸே (நினைவகத்தில் ஓடும் செயலி முழுதும்) முடியப்போகிறது என்றால் இதுவே சரி. எல்லாவற்றையும் இயங்குதளம் திரும்ப எடுத்துக்கொள்ளும். வெளியேறும் நேரத்தில் குளோபல் பொருள்களின் டெஸ்ட்ரக்டர்கள் ஏற்கெனவே மூடிய டிரைவரைத் தட்டுவதால் வரும் கிராஷ்களுக்கு, அந்த நிரலை நீக்குவதே மருந்து. ஒரு எச்சரிக்கை: ஆண்ட்ராய்டில் ஆக்டிவிட்டி (செயலியின் ஒரு திரை) மூடினாலும் ப்ராசஸ் உயிரோடு இருக்கலாம், அங்கே இது செல்லாது. ஐஓஎஸ்ஸில் பின்னணிக்குப் போன பிறகு ஓபன்ஜிஎல் கட்டளை அனுப்பினால் இயங்குதளமே செயலியை முடித்துவிடும். துடைப்பதாக இருந்தால் அதற்கு முன்பே துடைத்துவிட வேண்டும்.