பழைய தீட்டுக்கல்: லேபிளைப் பார்ப்பதா, அளவைப் பார்ப்பதா?

சவரக்கத்திக்குப் பழைய இயற்கைக் கல் தேடுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று இடங்களில் வந்து நிற்பார்கள்: ஜெர்மனியின் துரிங்கியா, பெல்ஜியத்தின் ஆர்டென், ஜப்பானின் கியோட்டோ. மூன்று கல்லும் கத்தியின் வாயை முகத்தில் வைக்கிற பதத்துக்குக் கொண்டுவரும். ஆனால் லேபிளும் முத்திரையும் தரும் தகவல் மூன்றிலும் ஒன்றல்ல. என் கணக்கில் லேபிளுக்கு அதிக மதிப்பு துரிங்கியாவில், குறைந்த மதிப்பு கியோட்டோவில்.

துரிங்கியக் கற்களில் பெயர்பெற்றது சோன்னெபெர்க் ஊரின் எஷர் நிறுவனம் விற்ற கல். அதன் லேபிளில் கல்லின் நிறமே அச்சாகியிருக்கும்: கருநீலம், நீலப்பச்சை, இளம்பச்சை, மஞ்சள்பச்சை. இது வெறும் அலங்காரம் இல்லை. காய்ந்த நிலையில் இந்தக் கற்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். தண்ணீர் பட்டால்தான் உண்மை நிறம் வெளியே வரும். அதனால் புகைப்படத்தை மட்டும் பார்த்து வாங்குகிறவருக்கு அந்தச் சின்னக் காகிதம் பெரிய உதவி. மஞ்சள்பச்சைக்குத்தான் போட்டி அதிகம்; பொதுவாக அது கொஞ்சம் மென்மை, சீக்கிரம் பால் விடும் (தேய்க்கும்போது கல்துகளும் தண்ணீரும் கலந்து வரும் குழம்புதான் பால்). ஆனாலும் லேபிள் உதிர்ந்துபோன துரிங்கியக் கல் தரத்தில் குறைந்தது ஆகிவிடாது. தீட்டத்தான் வேண்டும் என்றால் லேபிள் இல்லாததை வாங்குங்கள். லேபிள் உள்ளதுதான் வேண்டும் என்றால், நனையாமலிருக்க அந்த லேபிளின் மேல் ஷெல்லாக் என்ற அரக்கு வார்னிஷைப் பூசி வையுங்கள். இது ஸ்லேட் வகை, ஊறவைக்கத் தேவையே இல்லை; மேலே நாலு சொட்டு தண்ணீர் போதும்.

அளவுதான் எஷரின் சிக்கல். நீளம் 5 முதல் 8 அங்குலம், அகலம் 1 முதல் 1¾ அங்குலம் வரைதான் அதிகம் கிடைக்கும். சவரக்கத்தியின் வாயோ சுமார் 3 அங்குலம். ஆக, முழு வாயும் ஒரே நேரத்தில் கல்லில் படாது. அடிப்பகுதியைக் கல்லில் வைத்துத் தொடங்கி, முன்னே தள்ளிக்கொண்டே பக்கவாட்டில் இழுத்து, நுனி கல்லில் இருக்கும்போது முடிக்க வேண்டும். கை பழகிவிட்டால் இது குறையே இல்லை, சொல்லப்போனால் லாபம். பழைய கத்திகளில் நேராக இருப்பவை குறைவு. லேசாக முறுக்கேறிய கத்தியின் பள்ளத்துக்குள் ஒடுங்கிய கல்தான் போய்ச் சேரும். ஒரு அங்குல அகலம் மட்டும் எனக்குப் பிடிக்காது, கத்தி ஆடும். ஒன்றரை அங்குலம் இருந்தால் நிம்மதி.

கியோட்டோ கல்லில் நிலைமை தலைகீழ். அளவு தாராளம்: கல்லின் அளவைக் குறிக்கும் எண்களில் 40 எண் வகை ஏறக்குறைய 205 × 75 மில்லிமீட்டர், முழு வாயும் உட்கார்ந்துவிடும். எண் கூடக்கூடக் கல் சின்னதாகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நகயாமா, ஒசுகு, ஒஹிரா என்று சுரங்கத்தின் பெயரும், வட்டத்துக்குள் ‘கா’ எழுத்து கொண்ட மாருகா முத்திரையும் மையில் பதித்திருப்பார்கள். அந்த மை தண்ணீரில் கரைந்து மங்கும். போலியாக அடிப்பதும் எளிது. முத்திரை அசலாகவே இருந்தாலும், ஒரே சுரங்கத்தில் அடுத்தடுத்த அடுக்குகளின் கடினம் வேறு வேறு. ஆகவே முத்திரைக்காக நான் கூடுதலாக ஒரு காசும் கொடுக்க மாட்டேன். விதிவிலக்கு, மிக்காவா நகுரா என்ற சின்ன வெள்ளைத் தேய்ப்புக்கல். அதில் போட்டான், தென்ஜோ, மெஜிரோ, கோமா என்று வரும் முத்திரைகள் சொரசொரப்பிலிருந்து நைஸ் வரையான படிகளைக் காட்டும். அது நேரடியாக வேலைக்கு உதவுகிற தகவல்.

பெல்ஜியத்தின் ஆர்டென் கல்லான கோட்டிக்யூலில் பார்க்க வேண்டியது பக்கவாட்டை. மஞ்சள் கல் மெல்லிய அடுக்காகத்தான் கிடைக்கிறது. உடையாமலிருக்கக் கீழே ஸ்லேட் தாங்கல் இருக்கும். இரண்டுக்கும் நடுவே கோடு துல்லியமாக நேராகப் போனால் பெரும்பாலும் பசை போட்டு ஒட்டியது. அலையாக வளைந்து, ஒன்றுக்குள் ஒன்று கலந்து போனால் இயற்கையாகச் சேர்ந்தே வளர்ந்தது. தீட்டுவதில் வித்தியாசம் இல்லை. மஞ்சள் அடுக்கு எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்பதுதான் கேள்வி, கத்தியைத் தீட்டுகிற கார்னெட் என்ற கடினமான கனிமத் துகள்கள் அந்த அடுக்கில்தானே அதிகம். ‘ஓல்ட் ராக்’ என்ற பழைய லேபிள் நல்ல கல்லில்தான் ஒட்டியிருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் அது வியாபாரப் பெயர். லா வெனெட், லா க்ரோஸ் ப்ளாஞ்ச் போன்ற எந்த அடுக்கிலிருந்து கல் வந்தது என்பதை அது சொல்வதில்லை. 150 × 40 மில்லிமீட்டர் கல்லே கத்திக்கு நன்றாகப் போதும்.

முதல் கல் வாங்குகிறவருக்கு என் ஓட்டு கோட்டிக்யூலுக்கு. பால் கெட்டியாக இருந்தால் வேகமாக வெட்டும், தண்ணீர் சேர்த்து நீர்க்கவிட்டால் மெருகேற்றும். ஒரே கல்லில் இரண்டு வேலை. கையில் ஏற்கெனவே நடுத்தரக் கல் இருந்து, கடைசி மெருகுக்கு மட்டும் வேண்டுமென்றால் லேபிள் இல்லாத, ஒன்றரை அங்குலத் துரிங்கியக் கல். எதை வாங்கினாலும் விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: நனைத்த முகம், பக்கவாட்டு, அளவுகோல் வைத்து எடுத்த நீள அகலம். அப்புறம் ஓரங்களில் சில்லு போயிருக்கிறதா, குறுக்கே விரிசல் ஓடுகிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நகம் தட்டுகிற விரிசல் என்றால் கத்தியின் வாயும் அதில் தட்டும்.