இறுகிப்போன புல்தரைக்கு இரண்டு வருடம் திரவம் தெளித்துப் பார்த்ததில்

மண்ணை இளக்கும் இயற்கைத் திரவம் என்று விற்கிறார்களே, அதை வீட்டுப் புல்தரையில் இரண்டு வருடமாகத் தெளித்து வருகிறேன். நான் வாங்கியதில் ஹியூமிக் அமிலம் (மட்கிய தாவரப் பொருளில் இருப்பது), கடற்பாசிச் சாறு, யூக்கா என்ற செடியின் சாறு மூன்றும் இருந்தன. ஒரே மாதத்தில் முடிவு சொல்லும் விஷயம் இல்லை இது, அதனால்தான் இவ்வளவு நாள் பொறுத்து எழுதுகிறேன்.

எங்களுடையது களிமண். வீடு கட்டும்போது லாரி ஏறி இறங்கிய இடம் வேறு. தண்ணீர் விட்டால் உள்ளே இறங்காமல் ஓரமாக வழிந்து ஓடிவிடும், ஸ்க்ரூடிரைவரைக் கையால் அழுத்தினால் ஒரு அங்குலத்துக்கு மேல் போகாது. நல்ல மண்ணில் ஏறக்குறைய பாதி வெறும் இடைவெளிதான். காற்றும் நீரும் அங்கேதான் இருக்கும். மிதிபட்டு இறுகும்போது முதலில் அடைபடுவது பெரிய துளைகள், அப்புறம் வேருக்குக் காற்று கிடைக்காது, அது மேலாகவே படர்ந்து நிற்கும். இரண்டு நாள் வெயிலுக்கே புல் சுருண்டுவிடுவது இதனால்தான்.

கண்ணால் பார்த்துச் சொன்னால் மனசு நமக்குப் பிடித்ததையே சொல்லும் என்பதால் ஒரு டின்னின் இரண்டு பக்கமும் வெட்டி மண்ணில் இறக்கி, ஒரு அங்குல உயரம் தண்ணீர் ஊற்றி, வற்ற எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொண்டேன். முதல் நாள் 80 நிமிடம். ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு பட்டைகளில் திரவம் படாமல் விட்டும் வைத்தேன்.

முதல் தெளிப்புக்குப் பிறகு ஒரே வாரத்தில் தண்ணீர் வேகமாக இறங்கியது, எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் ஸ்க்ரூடிரைவர் அதே ஒரு அங்குலத்தில்தான் நின்றது. அது ஏன் என்று பிறகுதான் புரிந்தது. பூந்திக்கொட்டையில் நுரை வரவைக்கும் சபோனின் யூக்காவிலும் இருக்கிறது, அது நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் சின்னத் துளைக்குள்ளும் நீர் புகுந்துவிடுகிறது. மண் அப்படியேதான் இருக்கிறது. நான்கு வாரத்தில் தண்ணீர் மறுபடி தேங்க ஆரம்பித்ததும் எனக்கு விஷயம் தெளிவாகிவிட்டது.

பத்தாவது மாதத்தில்தான் போக்கை மாற்றினேன். நன்றாக மட்கிய கம்போஸ்டைச் சலித்து கால் அங்குலம் மட்டும் பரப்பினேன், அதற்கு மேல் போட்டால் புல் மூச்சுமுட்டும். புல்லை மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் வெட்டி, வெட்டிய துண்டுகளை அங்கேயே விட்டேன். திரவத்தையும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, மண் ஈரமாக இருக்கும்போது காலையில் தெளித்து மேலே தண்ணீர் விட்டேன்.

இந்த வருடம் மண்வெட்டியால் ஒரு கட்டியைப் பெயர்த்துப் பார்த்தேன். உடைத்தபோது பென்சில் பருமனில் ஒரு மண்புழு வளை, உள்சுவர் கறுப்பாக வழுவழுப்பாக இருந்தது, அதற்குள்ளேயே ஒரு வெள்ளை வேர் வளைந்து வளைந்து நான்கு அங்குல ஆழம் போயிருந்தது. களிமண்ணைப் பிளந்து போகாமல் புழு போட்ட வழியிலேயே அது இறங்கியிருந்ததை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். திரவமும் கம்போஸ்டும் சேர்ந்த இடத்தில் இப்போது 20 நிமிடம். கம்போஸ்ட் மட்டும் போட்ட பட்டையில் 26. எதுவும் போடாத பட்டையில் இன்னும் 75. ஒரே ஒரு தோட்டத்துக் கணக்குதான் இது, ஆனாலும் மண்ணை மாற்றியது கம்போஸ்டும் புழுவும் வேரும்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கேட்டுக்குப் பக்கத்தில் தினமும் நடக்கிற தடம் மட்டும் எதற்கும் மசியவில்லை. அங்கே மண்ணை உருளை உருளையாகப் பிடுங்கி எடுக்கும் கருவியை ஓட்ட வேண்டியிருந்தது. வெறும் முள்ளால் குத்தினால் துளையின் பக்கச் சுவர் இன்னும் இறுகும், அதனால் பிடுங்கி எடுப்பதையே தேடுங்கள். வெளியே விழும் உருளைகளைப் பொறுக்க வேண்டாம், மழையில் தானே கரைந்துவிடும். ஜிப்சம் போடச் சொல்பவர்களும் உண்டு; சோடியம் அதிகமுள்ள மண்ணுக்குத்தான் அது, மண் பரிசோதனை செய்யாமல் போடாதீர்கள். களிமண் சொதசொதவென்று இருக்கும்போது புல்தரையில் கால் வைக்கவே வைக்காதீர்கள், ஒரு வருட உழைப்பு ஒரே நாளில் போய்விடும்.

என்னிடம் கடைசி கேனில் பாதி மிச்சம் இருக்கிறது. வெயில் காலத்தில் தண்ணீர் ஒட்டாமல் ஓடும் காய்ந்த திட்டுகளுக்கு மட்டும் அதை வைத்திருக்கிறேன், அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. தீர்ந்த பிறகு அந்தக் காசில் இன்னும் இரண்டு மூட்டை கம்போஸ்ட் வாங்கப்போகிறேன்.